பாம்பு கடிக்கவில்லை

அந்தமானுக்குக் கப்பலேறப் போகிற என் மகனுக்கு, ஆம்பூரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு உன் நைனா எழுதுவது. மெட்ராஸில் நீ கப்பலுக்காகக் காத்திருக்கும்போதே இது உன் கையில் சேர வேண்டும் என்பதால் தபாலில் போடாமல் ரஹீம் பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் பெரியமேட்டுக்குத் தோல் ஏற்றிக்கொண்டு லாரியில் வருகிறார். வாங்கியதும் சட்டைப்பையில் மடித்துச் செருகிக்கொள்ளாதே, உட்கார்ந்து படி. பக்கத்துப் படுக்கைக்காரன் கேட்டால் உரக்கப் படி. என் எழுத்தைப் பத்துப் பேர் கேட்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது. தொடர்ந்து படித்திருந்தால் இந்த ஜில்லாவுக்கு இப்போது யார் கலெக்டர் என்பதை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை.

அவசரத்துக்குக் காரணம் நீ ஸ்டேஷனில் பேசிய பேச்சு. உன்னோடு வேலைக்குச் சேர்ந்திருக்கிற சோளிங்கர் பையன், "அந்தத் தீவுல மலேரியா ஜாஸ்தியாமே. எறங்கினதும் வரிசையா நிக்க வச்சி மாத்திரை குடுப்பாங்களாம்" என்று பயந்துகொண்டே சொன்னான். நீ மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "இன்னா மாத்திரை குடுத்தாலும் முழுங்குவேன். எங்க நைனாவ கண்ணாடி விரியனே கடிச்சி ஒண்ணும் ஆவல. எங்க வம்சத்து ரத்தமே வேற" என்றாய். எனக்கு அப்போது நெஞ்சு நிமிர்ந்தது உண்மைதான். என் கதையை என்னைவிட நன்றாகச் சொல்ல ஒருவன் தயாராகிவிட்டான் என்று பிளாட்பாரத்தில் நாலு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். வண்டி புறப்பட்டது. நானும் உன் அம்மாவும் நடந்து வந்தோம். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அவள் எனக்கு முன்னே போனாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, "கேட்டீங்களா மாமா, உங்க பாம்பு அந்தமானுக்குப் போவுது" என்றாள். வீடு வந்ததும் முதல் வேலையாகக் காகிதத்தை எடுத்தேன்.

அந்தப் பாம்பைப் பற்றி உனக்குத் தெரியும். திமிரியில் என் அக்கா வீட்டில் நான் வளர்ந்தபோது, பதினேழு வயதில், வேர்க்கடலைக் கொல்லையில் கடித்த பாம்பு. நான் ஆம்பூருக்கு வந்து தோல் தொழிற்சாலையில் சேர்ந்தபோது அது ஒரு முழம் நீளம் இருந்தது. உன் காதுகுத்துக்குள் வண்டிச் சக்கரத்தைச் சுற்றிப் படுத்துக்கொள்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. கடித்த பாம்பு செத்தது, நான் பிழைத்தேன் என்று கதை முடியும். கேட்டவர்கள் வெற்றிலை மடித்துக் கொடுப்பார்கள். அந்தக் கதையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் எப்போதும் மாற்றியதில்லை. என் மூத்திரம் கறுத்து, கண் மஞ்சளாகி, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தேன் என்பேன். அது நடந்தது. பாம்புதான் நடக்கவில்லை.

உனக்கு ஒன்பது வயதில் வந்த சீக்கையும் நான் உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. என் கதையில், வேலூர் டாக்டரம்மாவே கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நான்தான் வழி சொன்னேன். "சில மாத்திரை உனக்கு ஒத்துக்காது" என்பதை அந்தக் கதையின் வாலில் ஒட்டவைத்தேன். வாலை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? ஆகையால் இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். உன் அம்மா எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ஒவ்வொரு பத்தியையும் அவளிடம் படித்துக்காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

உனக்கு அப்போது குளிர்காய்ச்சல். போர்வைக்குள் பல் தந்தியடித்தது. சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பார்த்து மலேரியா என்று சொல்லி இரண்டு விதமான மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. நானும் நிம்மதியாக வேலைக்குக் கிளம்பினேன். வாசலைத் தாண்டியதும் நீ சாக்கடை ஓரத்தில் நின்று ஒன்றுக்குப் போனதைப் பார்த்தேன். எனக்கு அந்த நிறம் நன்றாகத் தெரியும். ஆவாரம்பட்டையை ஊறவைத்துத் தோலைப் போட்டு எடுத்தபின் குழியில் மிஞ்சுகிற பழைய தண்ணீர் அப்படித்தான் இருக்கும். ஆம்பூரில் குழித் தண்ணீரைப் பார்த்து அதன் வயதைச் சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை. (சரி, இன்னொருவர் இருக்கிறார் என்கிறாள் உன் அம்மா.) அந்தத் தண்ணீர் என் பிள்ளையின் உடம்பிலிருந்து வருவதைப் பார்த்ததும், பதினேழு வயதில் திமிரியில் நான் பார்த்த அதே நிறம் என்று உள்ளே ஒன்று சொல்லிற்று. நான் அதை வாயைத் திறக்கவிடவில்லை.

உன் உதடு வெளுத்து, கண் மஞ்சளாகி, மூச்சு வாங்கியது. ரஹீம் பாயின் லாரியில் ஈரத்தோல் ஏற்றியிருந்தார்கள். இறக்க நேரமில்லை. அந்த நாற்றத்தோடே உன்னை மடியில் போட்டுக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். வாசலில் இருந்த ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பேஷண்ட் யாரு, லாரியா?" என்றான். பாய் அவனை ஒரு பார்வை பார்த்தார், கதவு திறந்தது. உனக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். பாயின் ரத்தம் பொருந்தியது. கையை நீட்டிப் படுத்துக்கொண்டே அவர் என்னிடம், "தோஸ்த், என் ரத்தம் உள்ள போவுது. இனிமே உன் புள்ள உன்ன மாதிரி கதை வுட மாட்டான், பாவம்" என்றார். அழுதுகொண்டிருந்த உன் அம்மா அந்த நேரத்திலும் சிரித்துவிட்டாள். அந்த ஒரு சிரிப்புக்கு நான் பாய்க்கு இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை. ஸ்டேஷனில் நீ பேசியதைக் கேட்டிருந்தால் தன் ரத்தத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

உன்னைப் பார்த்த டாக்டரம்மா மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி, குரல் மட்டும் தாசில்தார் குரல். எங்களை வராந்தாவில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் கூட்டம் கூட்டமாக உடைகின்றன. உடைப்பது மலேரியாவே என்றால் மருந்தை விடாமல் கொடுக்க வேண்டும். உடைப்பது அந்த மருந்தில் ஒன்று என்றால் அதை உடனே நிறுத்த வேண்டும். தவறான பக்கம் போனால் பையன் தாங்க மாட்டான். இதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை உண்டு. செய்து பார்த்தாயிற்று, ஆனால் விடை இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நிற்கிறது. "பழைய அணுவெல்லாம் ஒடஞ்சிப் போயிருச்சு. இப்ப மிச்சம் இருக்கிறது புது அணு. அது நல்லாத்தான் வேலை செய்யும். அதனால பரிசோதனை நம்மள ஏமாத்தலாம்" என்றார். பிறகு உன் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "இது இருந்தா அம்மா வழியாத்தான் வரும். உங்க கூடப்பிறந்த ஆம்பளைங்க, உங்க அம்மாவோட அண்ணன் தம்பிங்க, யாருக்காவது இந்த மாதிரி கறுப்பாப் போனதுண்டா?"

"அவ அம்மாவுக்குத் தம்பி நான்தான்" என்றேன்.

டாக்டரம்மா கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க இவங்க புருஷன்னு எழுதியிருக்கே."

"ரெண்டும்தான் டாக்டரம்மா. அக்கா மவளக் கட்டினேன்."

"அப்ப பையனோட பாட்டி உங்க அக்காவா, மாமியாரா?"

"சண்டை வந்தா மாமியார், சோறு போட்டா அக்கா" என்றேன். நர்ஸம்மா சிரித்தார். சிரிப்பைக் கேட்டால் என்னால் நிறுத்த முடியாது என்பது உனக்குத் தெரியும். "எனக்கும் கறுப்பாப் போச்சி" என்று ஆரம்பித்தேன். வேர்க்கடலைக் கொல்லை வந்தது. கண்ணாடி விரியன் வந்தது. உன்னை உள்ளே அப்படிப் படுக்கவைத்துவிட்டு நான் வெளியே பாம்பு படமெடுப்பதைக் கையால் செய்து காட்டிக்கொண்டிருந்தேன், விரியன் படமெடுக்காது என்பதுகூட ஞாபகம் இல்லாமல். டாக்டரம்மா கடைசிவரை கேட்டார். "விரியன் விஷமும் ரத்தத்தக் கெடுக்கும், மூத்திரம் கறுக்கும். அப்ப அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு எழுந்தார். மலேரியாதான் என்று முடிவு கட்டி, இரண்டு மாத்திரையையும் தொடரச் சொல்லத்தான் போகிறார் என்று அவர் நடையிலேயே தெரிந்தது.

"பாம்பு கடிக்கல டாக்டரம்மா."

சொன்னது உன் அம்மா. அவள் நெற்றிப் பொட்டு கலைந்து மூக்கில் இறங்கியிருந்தது. "நான் அப்ப சின்னப் பொண்ணு, எல்லாம் கூட இருந்து பார்த்தேன். வூட்ல எல்லாருக்கும் காய்ச்சல். மலேரியா ஆபீஸ்காரங்க வந்து மாத்திரை குடுத்தாங்க. எங்கப்பாவுக்குக் கசப்பு ஆவாது. இவரு, கசப்பு எனக்கு வெல்லம் மாதிரின்னு அவரோடதையும் சேத்து முழுங்கினாரு. அப்புறம்தான் கறுப்பாப் போச்சி. நான்தான் தண்ணி மொண்டு ஊத்தினேன்" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷம், எத்தனை சபையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாம்பைக் கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. "தெரிஞ்சிக்கினே ஏன் சும்மா இருந்த?" என்று கேட்டேன், அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது. "நல்லாத்தானே இருந்துச்சி மாமா. யாருக்கு இன்னா நஷ்டம்னு வுட்டுட்டேன். இப்ப வுட முடியாது" என்றாள்.

டாக்டரம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "நீங்க சொல்லுங்க. ஒரே வரி. கதை வேணாம்" என்றார். மகனே, நான் கிணற்றில் தலைகீழாக இறங்கியிருக்கிறேன், சுண்ணாம்புக் குழியில் விழுந்து எழுந்திருக்கிறேன். அந்த ஒரு வரியைப் போலக் கஷ்டப்பட்டது கிடையாது. வாய் தானாக ஒரு கொல்லையையும் ஒரு சாயங்காலத்தையும் தேடிப் போயிற்று. அதை இழுத்துப் பிடித்துச் சொன்னேன்: "மலேரியா மாத்திரை தின்னு எனக்கு மூத்திரம் கறுத்துது. பாம்பு கடிக்கல." அவ்வளவுதான். டாக்டரம்மா பிரைமாகுவின் என்கிற அந்தக் கசப்பு மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி நர்ஸை உள்ளே அனுப்பினார். காய்ச்சலுக்கு மற்ற மாத்திரை போதும் என்றார். என் கையைப் பிடித்து ரத்தம் எடுத்தார்கள். சாதாரணமாக இந்தச் சீக்குக்கு அப்பனின் ரத்தத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லையாம். ஆனால் நான் அப்பன் மட்டுமில்லையே, அவள் தாயின் தம்பி. என் ரத்தத்தில் விடை பளிச்சென்று வந்தது. எனக்கும் அந்தக் குறை இருந்தது. அப்படியானால் அது எங்கள் வீட்டு ரத்தத்தில் ஓடுகிறது, உனக்கும் இருக்கிறது. அடுத்தடுத்து உன் மூத்திரம் வெளுத்துக்கொண்டே வந்தது. குழித் தண்ணீர் நிறம் டீ நிறமாகி, டீ இளமஞ்சளாகிற வரைக்கும் நான் ஒவ்வொரு தடவையும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வார்டே என்னைப் பார்த்தது. வாழ்க்கையில் நான் தேடாமலே கிடைத்த கூட்டம் அது ஒன்றுதான்.

அது என்ன குறை என்று டாக்டரம்மா சொல்லிக் கொடுத்ததை நான் உனக்குச் சொல்கிறேன். நமக்குக் குறைவாக இருக்கிற பொருளின் பெயர் குளுக்கோஸ் சிக்ஸ் பாஸ்பேட் டீஹைட்ரோஜினேஸ். குழிக்கும் குழிக்கும் நடுவே நடந்துகொண்டே மனப்பாடம் செய்தேன். எட்டாவது படித்தவர்களில் இதைத் திக்காமல் சொல்கிறவன் வட ஆற்காட்டில் நான் ஒருவன். சுருக்கமாக ஜி-சிக்ஸ்-பி-டி. நாம் இழுக்கிற மூச்சை ரத்த அணு சுமந்து போகிறது. அந்த மூச்சேதான் அணுவை மெல்லமெல்ல அரிக்கவும் செய்கிறது, இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி. நம் காயப்போடும் மைதானத்தை நினைத்துக்கொள். வெயில் இல்லாமல் தோல் காயாது. அதே வெயில் கொஞ்சம் ஏறினால் தோல் வெடித்துவிடும். அதற்காகத்தான் அங்கே ஒரு ஆள் நாள் முழுக்க உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்து, கூடினால் தோலை நிழலுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு அணுவுக்குள்ளும் அப்படி ஒரு ஆள் இருக்கிறான், அவன்தான் அந்த நீளப் பெயர்க்காரன். சூடு கூடினது தெரிந்ததும் உடம்பிலிருக்கிற சர்க்கரையில் கொஞ்சம் கூலியாக வாங்கிக்கொண்டு வேகமாக வேலை பார்ப்பான். அவனை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிற இடத்துக்குப் பெயர் ஜீன். மரபணு என்று இப்போது பத்திரிகையில் எழுதுகிறார்கள். நம் வீட்டு எழுத்தில் எங்கோ ஒரு சின்ன மாற்றம். அதனால் நம்முடைய ஆள் காலையில் நன்றாகத்தான் வேலைக்கு வருகிறான், மத்தியானத்துக்குள் சோர்ந்துவிடுகிறான். சாதாரண வெயிலை அவன் சமாளிப்பான். அதனால்தான் நானும் நீயும் மற்ற நாளெல்லாம் கல்லு மாதிரி இருக்கிறோம். அந்தக் கசப்பு மாத்திரை உள்ளே போனால் மைதானத்தில் ஒரேயடியாக இன்னொரு சூரியன் வருகிறது. இளம் அணுவில் அவன் தாக்குப்பிடிப்பான். பழைய அணுவில் உட்கார்ந்துவிடுவான். அவ்வளவும் வெடித்துப்போகும்.

மாத்திரை மட்டுமில்லை. துணிக்குப் போடுகிற பாச்சா உருண்டையும் அதே வேலையைச் செய்யுமாம். அது நம் தொழிற்சாலைக் கிடங்கில் மூட்டைமூட்டையாகக் கிடக்கும், தோலைப் பூச்சி அரிக்காமலிருக்க. வேண்டியமட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியெல்லாம் போட்டு வைப்பேன், வீடே கமகமக்கிறது என்று பெருமை வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே உன் அம்மா அத்தனையையும் வாரிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே கொட்டினாள். உன் டிரங்குப் பெட்டியில் கம்பளிச் சட்டையைப் பூச்சி அரித்தால் அரிக்கட்டும், சட்டை வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டரம்மா அம்மா வழியாக வருவது என்று விளக்கி முடித்ததும், உன் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "அப்ப நான்தான் என் புள்ளைக்கு இதக் குடுத்தேனா" என்றாள். ஜோடிக்காமல் நான் பேசிய இரண்டாவது பேச்சு அன்றைக்கு அதுதான். "உனக்கு யாரு குடுத்தா? எங்க அக்கா. அக்காவுக்கு? எங்கம்மா. அதே அம்மாதான் எனக்கும் குடுத்தா. என் வழியா வர வழியில்லாம உன் வழியா சுத்திக்கினு வந்துருக்குது. எங்க வூட்டுச் சொத்து, உன்மேல இன்னா கேசு?" என்றேன். டாக்டரம்மாவும் சும்மா இருக்காமல், இந்தக் குறை இருக்கிறவர்களை மலேரியா கொஞ்சம் தயங்கித்தான் தொடும் என்று சில பேர் சொல்கிறார்கள், அதனால்தான் இது தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது போல என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "இதப் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. தயங்கும்னுதான் சொன்னேன், வராதுன்னு சொல்லல. பையனுக்கு வந்துச்சே" என்று என் வாயை அடைத்தார். என்னை அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டவர் வேறு யாருமில்லை.

வம்சத்து ரத்தம் வேற என்று நீ ஸ்டேஷனில் சொன்னாயே, அது சரிதான். அந்த ரத்தம் இன்று ஓடுவதற்கு ஒரு டாக்டரம்மா கதையை நிறுத்தச் சொன்னார், ஒரு லாரிக்காரர் கையை நீட்டினார், ஒரு பெண் புருஷனின் மானத்தைவிட உன்னைப் பெரிதென்று நினைத்தாள். இவர்களுக்கு நான் பட்ட நன்றிக்கடனை ஊரெல்லாம் சொல்லித் தீர்க்கப் பார்த்தேன், சொல்லும்போது மூன்று பேரையும் ஓரத்தில் நிறுத்திவிட்டு நடுவில் நானே நின்றுகொண்டேன். நீ அப்படிச் செய்யாதே. உனக்குக் கல்யாணமாகிப் பெண் குழந்தை பிறந்தால் ஜீனில் இருக்கிற இந்த எழுத்து அவளுக்குப் போகும். அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் இதை அப்படியே சொல்லிவை. என் கதைகளை வேண்டுமானால் தூங்கவைக்கும்போது சொல்.

தீவில் இறங்கி, வரிசையில் நின்று, மாத்திரை கொடுக்கிறவர் உன் எதிரே வந்ததும் நீ சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். உன் அம்மா கேட்டுச் சரி என்று தலையாட்டிவிட்டாள்: "எனக்கு ஜி-சிக்ஸ்-பி-டி குறைவு. சின்ன வயதில் மலேரியா மாத்திரை தின்று ரத்தம் உடைந்தது. பிரைமாகுவின் கொடுக்காதீர்கள், டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்." சிரிப்பார்களா, சோளிங்கர் பையன் என்ன நினைப்பான் என்று பார்க்காதே. முன்னாலும் பின்னாலும் ஒரு வார்த்தை சேர்க்காதே. பாம்பை இங்கேயே விட்டுவிட்டுப் போ. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.